ஸ்டொப்பர் தம்பிக்கு ஒரு பதில்: இந்தியாவில் பின்கள வீரனின் பிழைப்பு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 16. பாடசாலை அணியிலும் தோட்டத்து அணியிலும் ஸ்டொப்பர், அதாவது நடுப் பின்கள வீரர். போனில் இந்தியன் சூப்பர் லீக் பார்த்துப் பார்த்து இந்தியப் பின்கள வீரர் சந்தேஷ் ஜிங்கன் மேல் பைத்தியம். இந்தியாவில் உதைபந்தாட்டத்தைத் தொழிலாகச் செய்யும் ஒரு பின்கள வீரரின் வாழ்க்கை உண்மையில் எப்படிப் போகும்? தன் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் அங்கே போய் இந்தியாவுக்கே ஆட முடியுமா? முடியாதென்றால் இங்கிருந்து என்ன வழி? ஐந்தடி எட்டங்குலம் போதுமா? இவைதான் கேள்விகள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "மெட்ச் முடிந்தால் வலது முழங்கால் கொஞ்சம் வீங்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும்."

தம்பி, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் எழுத நினைத்தேன். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் சொன்னால் கேட்கமாட்டீர்கள், உங்கள் வயதில் நானும் கேட்கவில்லை. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் இருபது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி படிப்பித்து வருகிறேன். அதற்கு முன்னால் நானும் ஸ்டொப்பர்தான்.

ஜிங்கனிலிருந்தே தொடங்குவோம், அவரைத்தான் உங்களுக்குத் தெரியும். 2025 ஓகஸ்ட் 29 அன்று தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசிய நாடுகளின் கிண்ணத் தொடரில் இந்தியா 2–1 என்று தஜிகிஸ்தானை வென்றது. இந்தியாவின் இரண்டு கோலையும் போட்டவர்கள் பின்கள வீரர்கள்: அன்வர் அலி ஒன்று, ஜிங்கன் ஒன்று. மூன்று நாள் கழித்து ஈரானுடன் ஆடும்போது ஜிங்கனுக்கு முக எலும்பு உடைந்தது. அந்தத் தொடரின் மிச்ச ஆட்டத்தில் அவர் இல்லை. ஒக்டோபர் 9ஆம் திகதி சிங்கப்பூருக்கு எதிராக மறுபடி இறங்கினார். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு இந்தியா எப்படியோ கடைசி நிமிடங்களில் ஒரு கோல் அடித்து 1–1 என்று முடித்தது. ஐந்து நாள் கழித்து கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 2–1 என்று தோற்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்கான வழியும் அடைபட்டது. இவ்வளவும் ஏழு வாரத்துக்குள். இப்போது யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்தக் கோல் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது, சிவப்பு அட்டை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று.

பின்கள வீரனின் கணக்கு இப்படித்தான் எழுதப்படும். முன்னால் ஆடுபவன் பத்துத் தடவை வெளியே அடித்து ஒரு தடவை உள்ளே போட்டால் தோளில் தூக்குவார்கள். நாம் பத்துத் தடவை சரியாக நின்று ஒரு தடவை காலை நீட்டினால் போதும், வருஷம் முழுக்கப் பேச்சு. இதைத் தாங்க முடியாதவர்கள் வேறு இடத்தில் ஆடுவது நல்லது. குறையாகச் சொல்லவில்லை, இந்த வேலையின் தன்மை அது.

ஜிங்கன் 1993இல் சண்டிகரில் பிறந்தவர். தொழில்முறை ஆட்டம் தொடங்கியது யுனைட்டட் சிக்கிம் என்ற கழகத்தில். இந்திய அணியின் முன்னாள் தலைவர் பைச்சுங் பூட்டியா தொடங்கிய கழகம் அது, இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதைய முதல் பிரிவான ஐ-லீக்குக்கு ஏறியது. அங்கிருந்து மும்பை, பிறகு 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸ். அந்த வருஷம்தான் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பிறக்கிறது. அப்போதிருந்த ஒரு விதியைக் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் மைதானத்தில் நிற்கலாம். அப்படியென்றால் இந்தியர்களுக்கு மிஞ்சுவது ஐந்தே இடம். கழகங்கள் வெளிநாட்டுக் காசை எங்கே கொட்டும்? கோல் அடிப்பவனிலும், நடு ஸ்டொப்பரிலும். அதனால் ஒரு இந்திய இளைஞன் நடு பின்களத்தில் இடம் பிடிப்பது அந்தக் காலத்தில் லேசான வேலை இல்லை. 21 வயது ஜிங்கன் அந்த இடத்தைப் பிடித்தார். பக்கத்தில் செட்ரிக் எங்பார் என்ற அனுபவசாலி பிரெஞ்சுக்காரர். அந்தப் பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருது ஜிங்கனுக்குக் கிடைத்தது. இறுதியாட்டத்தில் கொல்கத்தா அணி, 90 நிமிஷம் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் தலையால் ஒரு கோல் போட்டு 1–0 என்று கிண்ணத்தைக் கொண்டுபோனது.

பிற்பாடு வெளிநாட்டவர் எண்ணிக்கை 2017இல் ஐந்தாகவும், 2021–22 பருவத்திலிருந்து நான்காகவும் குறைந்தது. இப்போது இந்தியப் பின்கள வீரர்கள் அதிகம் தெரிகிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். திறமை திடீரென்று வானத்திலிருந்து கொட்டவில்லை.

2015 மார்ச் 12, குவஹாத்தியில் நேபாளத்துக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் ஜிங்கன் முதல்முறை இந்தியச் சீருடை போட்டார். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால் விருதுப் பட்டியல் மாதிரி இருக்கும்: 2017இல் பெங்களூருவுக்கு இரவலாகப் போய் பெடரேஷன் கிண்ணம், பிளாஸ்டர்ஸ் தலைமை, 2020இல் அர்ஜுனா விருது, 2020–21க்கான இந்தியாவின் சிறந்த வீரர், 2022இல் டூரண்ட் கிண்ணம், 2023இல் தெற்காசியக் கிண்ணம். 2020இல் அவர் விலகியபோது பிளாஸ்டர்ஸ் அவருடைய 21ஆம் இலக்கச் சீருடையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதே மனிதர் இருந்த அணிகள் ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் நான்கு தடவை தோற்றிருக்கின்றன: 2014, 2016, 2021, 2023. முதல் இரண்டும் கேரளா, அடுத்தது ஏ.டி.கே. மோகன் பகான், கடைசியாக பெங்களூரு. இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வாழ்க்கை தெரியும்.

அவருடைய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் முழுசாகப் பாருங்கள் என்று சொன்னால் 2019 செப்டெம்பர் 10, தோஹாவில் கத்தாருடன் நடந்ததைத்தான் சொல்வேன். கத்தார் அந்த வருஷம்தான் ஆசியச் சாம்பியன் ஆனது. இந்தியாவின் முதன்மைக் கோல்காரர் சுனில் சேத்ரி அன்று இல்லை. கோல் கீப்பர் குர்பிரீத் தலைவர், நடுவில் ஜிங்கனும் ஆதில் கானும். முடிவு 0–0. ஹைலைட்ஸ் பார்த்தால் குர்பிரீத் பாய்ந்து பிடிப்பதுதான் தெரியும். முழு ஆட்டத்தையும் பார்த்தால், பந்து எங்கோ இருக்கும்போது ஜிங்கன் என்ன செய்கிறார் என்பது தெரியும். கையை நீட்டி யாரையோ இழுக்கிறார், ஒரு அடி பின்னால் போகிறார், வாய் மூடுவதே இல்லை. பந்தை அவர் தொடும் நேரத்தை எல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று நிமிஷம் வருமா தெரியவில்லை. மற்ற நேரம் முழுக்க வேலைதான். என் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தை டீவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டியிருக்கிறேன், "பந்தைப் பார்க்காதே, ஜிங்கனைப் பார்" என்று. பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவி விடாத ஒருவன்தான் இன்று எங்கள் அணியின் ஸ்டொப்பர்.

அந்த ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம். வங்கதேசத்துடன் கொல்கத்தாவில் ஆட வேண்டும். அதற்கு முன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜிங்கனின் முழங்கால் போனது. மூட்டுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைத்திருக்கும் நார் ஒன்று உண்டு, ஏசிஎல் என்பார்கள். அது அறுந்தால் சத்திரசிகிச்சை, பிறகு ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருஷம். 2019–20 பருவம் முழுக்க அவருக்கு இல்லை. 26 வயது, ஒரு பின்கள வீரன் உச்சத்துக்குப் போகிற வயது.

திரும்பி வந்தார். எப்படி என்றால், அடுத்த பருவத்தில் நாட்டின் சிறந்த வீரர் விருதே வாங்குகிற அளவுக்கு. 2021இல் குரோஷியாவின் முதல் பிரிவுக் கழகமான ஷிபெனிக் அழைத்தது. ஒரு இந்தியப் பின்கள வீரனை ஐரோப்பிய முதல் பிரிவுக் கழகம் கூப்பிடுவது பெரிய விசயம். போன கையோடு பயிற்சியில் காயம். ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமல் 2022 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். பிறகு 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் சிரியாவுக்கு எதிராக மறுபடியும் முழங்கால், மறுபடியும் பல மாதம். அதற்குப் பிறகும் வந்து நின்றதால்தான் நான் மேலே சொன்ன தஜிகிஸ்தான் கோல்.

நீங்கள் போனில் பார்ப்பது இந்த மனிதர் மைதானத்தில் இருந்த நேரத்தை மட்டும். ஐஸ் கட்டி, கட்டுத் துணி, தனியே ஜிம்மில் ஒற்றைக் காலில் குந்தி எழும்புவது, மற்றவர்கள் ஆடுவதைக் கரையில் இருந்து பார்ப்பது, இதையெல்லாம் யாரும் ஹைலைட்ஸ் போடுவதில்லை. என்னைக் கேட்டால் ஒரு பின்கள வீரனின் தொழிலில் பாதி அதுதான்.

ஜிங்கன் ஒருவரை வைத்து எல்லோரையும் அளக்க வேண்டாம். மலப்புறம் மாவட்டத்துக் கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகாவைப் பாருங்கள். 2007 வாக்கில் மும்பையில் தொடங்கி, புனே, டெல்லி என்று ஆடிக்கொண்டே இருந்தார். இந்திய அணிக்குள் வந்தது 2017இல், கம்போடியாவுக்கு எதிராக. அப்போது வயது 30. பத்து வருஷக் காத்திருப்பு. 2019 ஆசியக் கிண்ணத்தில் தாய்லாந்தை 4–1 என்று வென்றபோது ஜிங்கனும் அனஸும்தான் நடுவில். பஹ்ரைனுடன் தொடங்கிய சில நிமிஷத்திலேயே காயத்தோடு அனஸ் வெளியே போக, இந்தியா 90 நிமிஷம் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் ஒரு பெனல்டியால் தோற்றது. அதோடு அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வை அறிவித்தார். 16 வயதில் "எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை" என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற பெயர் இவருடையது. வேகத்தை நம்பி ஆடுபவன் சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் உதிர்வான். நின்று பார்த்து ஆடுபவனுக்குக் காலம் கொஞ்சம் கூடுதல்.

அன்வர் அலியின் கதை வேறு மாதிரி. 2000இல் பிறந்த பஞ்சாப் பையன், 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தில் ஆடியவன். 2019இல் மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசையில் பிறவிக் கோளாறு தெரிந்தது. இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஆட வேண்டாம் என்று நிறுத்தியது. நீதிமன்றம் வரை போனார், மருத்துவர்களின் பரிசோதனைகளுக்குப் பிறகு மறுபடி ஆட வந்தார், 2022இல் தேசிய அணிக்கும் வந்தார். அதோடு முடியவில்லை. 2024இல் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது ஒப்பந்தச் சண்டை வெடித்தது. சம்மேளனக் குழு நான்கு மாதத் தடையும் 12 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பீடும் என்று தீர்ப்புச் சொல்ல, டெல்லி உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. கையெழுத்துப் போடும் தாளை வாசிக்காமல், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்த வயதிலும் போடக்கூடாது. இங்கேயும்தான், ஒரு கழகத்து உறுப்பினர் படிவமாக இருந்தாலும்கூட.

காசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, வெட்கமாக இருந்திருக்கலாம். ஐ.எஸ்.எல். வந்த பிறகு மேல்மட்டத்தில் ஆடுபவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள், உண்மை. ஆனால் 2025 ஜூலையில் அந்த லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. நடத்தும் நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது, புதுப்பிப்பதில் இழுபறி. சில கழகங்கள் முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தின. கிண்ணம் வென்ற வீரனும் அடுத்த மாதச் சம்பளம் எப்போது என்று தெரியாமல் இருந்தான். தோட்டத்தில் வேலை கொடுத்துப் பேர் போடுகிற நாள் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது புரியும்.

அந்தக் காலத்து ஆட்கள் இதனால்தான் உத்தியோகத்தையும் விடவில்லை. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் வென்றபோது தலைவர் சைலேன் மன்னா, ஒரு பின்கள வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக ஒரு பெனல்டியைத் தவறவிட்டவரும் இவர்தான். மோகன் பகானுக்கு 19 வருஷம் ஆடினார், கழகத்திடம் சம்பளம் வாங்கியதில்லை, சாப்பாட்டுக்குப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்து வேலை. பிறகு ஜர்னைல் சிங். இவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது, எனவே ஒன்றே ஒன்று. 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா. தாய்லாந்துடன் ஆடும்போது தலை உடைந்து ஆறு தையல். அந்த நிலையில் ஸ்டொப்பராக நிறுத்த முடியாது என்று பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் விட்டார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இந்தியா 2–1, தங்கம். அன்று கோல் கம்பத்தில் நின்றவர் நம்ம பீட்டர் தங்கராஜ். "நம்ம" என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். இன்றைய மருத்துவர் எவரும் தலையில் தையலோடு ஒருவரை ஹெடிங் அடிக்க விடமாட்டார், நீங்களும் முயற்சி செய்ய வேண்டாம்.

சரி, இந்தியாவுக்கு ஆடும் கேள்வி. முடியாது என்பதுதான் நேரான பதில். பாட்டன் பிறந்த நாட்டுக்கு ஆட உலக உதைபந்தாட்டச் சம்மேளன (ஃபிஃபா) விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் பிரஜாவுரிமை கையில் இருக்க வேண்டும், இந்தியாவோ இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை. பிரஜாவுரிமை என்ற சொல்லின் பாரம் மலையகத்துப் பிள்ளைக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1948இல் போனது, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையும் இந்தியாவும் ஆட்களை எண்ணிப் பங்கு போட்டன, மிச்சமிருந்தவர்களுக்கு 2003 சட்டம் வரை இழுத்தது. அதே ஒப்பந்தத்தில் போன நம்முடைய சனங்களின் பேரப்பிள்ளைகள் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் இந்தியாவுக்கு ஆடலாம். நீங்கள் ஆட வேண்டுமானால் இலங்கைக் கடவுச்சீட்டை விட்டுக்கொடுத்து அங்கே வருஷக்கணக்கில் இருந்து குடியுரிமை வாங்க வேண்டும். ஜப்பானில் பிறந்த அரட்டா இசுமி அப்படிச் செய்தார். 2025இல் ரயன் வில்லியம்ஸ் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டை விட்டார், அவருடைய தாய் மும்பையில் பிறந்தவர். இருவரும் அங்கே கழகங்களில் ஆடிப் பெயரெடுத்த பிறகே அந்த முடிவுக்கு வந்தவர்கள். 16 வயதில் அதை யோசிக்க வேண்டாம். என் மனதைச் சொன்னால், யோசிக்கவே வேண்டாம். இந்த இலங்கைப் பிரஜாவுரிமை பாட்டன்மார் படாத பாடு பட்டு வாங்கியது.

இந்தியக் கழகத்துக்கு ஆடுவது வேறு. இலங்கையராகவே போகலாம், ஆனால் அங்கே நீங்கள் வெளிநாட்டுக்காரர். நான்கு இடத்துக்கு ஸ்பெயின்காரனோடும் பிரேசில்காரனோடும் போட்டி. அந்த மட்டத்துக்கு வர முதலில் இலங்கை அணிக்கு ஆடியிருக்க வேண்டும். நம் நாட்டுப் பின்கள வீரர் பக்கீர் அலி 1980களில் டாக்கா அபாஹனியில் ஆடி வங்கதேசத்தில் பெரிய பெயர் எடுத்தார், பிற்பாடு இலங்கை அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அப்படிப் போனவர்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். இலங்கை அணி என்றால் இளக்காரமும் வேண்டாம். 2021 ஒக்டோபரில் மாலேயில் சேத்ரி ஆடிய இந்தியாவை நம்முடைய பின்களம் 0–0 என்று நிறுத்தியது. அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், கத்தார் ஆட்டத்தின் மறுபக்கம் மாதிரி இருக்கும்.

இங்கிருந்து வழி என்றால், பாடசாலை அணி, வலயம், மாகாணம், அகில இலங்கை. சலிப்பாகத் தெரியும். ஆனால் தெரிவாளர்கள் தோட்டத்து மைதானத்துக்கு வரமாட்டார்கள், நாம்தான் அவர்கள் கண்ணில் படும் இடத்துக்குப் போக வேண்டும். 2021இல் தொடங்கிய சூப்பர் லீக்கின் பத்துக் கழகங்களில் ஒன்று நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். மலையகத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய கதவு அது. இன்னொரு கதவு படைத்தரப்பும் பொலிஸும். அவர்களுடைய கழகங்கள் நல்ல ஆட்டக்காரனுக்கு உத்தியோகமும் கொடுக்கும். இராணுவக் கழகம் அந்த லீக்கில் டிஃபென்டர்ஸ் என்ற பெயரில் ஆடியது, உங்களுக்குப் பொருத்தமான பெயர்! அந்தக் கதவுக்குப் போகவும் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு கேட்பார்கள். எனவே பரீட்சைக்கு இரண்டு மாதம் பந்தைத் தொடாமல் இருந்தால் குடி முழுகிப் போகாது.

நம்முடைய கிரவுண்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் உங்கள் கால் பழகியிருக்கிறது. எங்கள் தோட்டத்து கிரவுண்டில் மேல் பக்கக் கோலுக்கும் கீழ்ப் பக்கக் கோலுக்கும் ஆள் உயரத்துக்குக் கிட்ட வித்தியாசம். பந்து தவறினால் கான் வழியே உருண்டு மூன்றாம் நம்பர் மலைத் தேயிலைக்குள் போய்விடும், கொழுந்து எடுக்கும் அக்காமார்தான் தூக்கிப் போடுவார்கள். கீழ்ப் பக்கம் ஸ்டொப்பராக நின்று வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம் வரும். பந்து குத்தியதும் எங்கே எழும்பும் என்று பார்க்காமல் இரண்டடி பின்னால் போய்க் காத்திருப்பான். சரிவில் அது சரி. சமதரையில், அதுவும் நனைந்த புல்லில், பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். நம் பிள்ளை இரண்டடி பின்னால் நிற்கும்போது எதிராளி நடுவில் புகுந்துவிடுவான். மாகாண ஆட்டங்களில் முதல் இருபது நிமிஷத்தில் நாம் வாங்கும் கோல்களில் பாதி இப்படித்தான். முடிந்தால் ஆட்டத்துக்கு முதல் நாள் போய் அந்தத் தரையில் பந்தைக் குத்திப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் மூடுபனி நமக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்குப் பனி இறங்கினால் பாதி மைதானம் தெரியாது. எதிர் கீப்பர் உதைக்கும் "டொம்" சத்தத்தை வைத்துத்தான் பந்து நீளமா குட்டையா என்று கணிப்போம். பக்கத்தில் ஆடும் பின்கள வீரன் எங்கே என்று கத்திக் கேட்டால்தான் தெரியும். அதனால் நம் பிள்ளைகள் வாய் திறந்து ஆடுவார்கள். வேறு இடத்துப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளைப் பேச வைக்கப் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அது உங்களிடம் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

உயரம்: ஜிங்கன் ஆறடி இரண்டங்குலம். உங்களுக்கு 16 வயது, இன்னும் கொஞ்சம் வளர இடம் உண்டு. வளராவிட்டாலும் இத்தாலியின் கன்னவாரோ ஐந்தடி ஒன்பதங்குலம்தான், 2006இல் உலகக் கிண்ணத்தையும் தூக்கி உலகின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். உயரமில்லாதவன் முதலில் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டொப்பர் இடம் கிடைக்காவிட்டால் ஓரத்துப் பின்கள (பெக்) இடத்தையும் பழகிக்கொள்ளுங்கள்.

இனி முழங்கால்.

எனக்கு 23 வயது. ஒரு கோர்னர் பந்துக்கு எழும்பி ஒற்றைக் காலில் இறங்கினேன். ஈர விறகு முறிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. வலி ஐந்து நிமிஷத்தில் குறைந்தது, அதுதான் ஏமாற்று. அணியைப் பார்த்துக்கொண்டவர் சுளுக்கு என்றார். லயத்துக்குப் போவதற்குள் முழங்கால் பப்பாளிப் பழம் மாதிரி. எண்ணெய் தடவி, இழுத்துத் தேய்த்து, இலை வைத்துக் கட்டினார்கள். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை, போகலாம் என்றார்கள். எலும்பில் ஒன்றுமில்லைதான். எக்ஸ்ரேயில் நார் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது, சொல்லவும் யாருமில்லை. மூன்றாவது வாரம் மறுபடி இறங்கினேன். திரும்பும்போது மேல்கால் ஒரு பக்கமும் கீழ்க்கால் ஒரு பக்கமும் போன மாதிரி இருந்தது. அதுதான் நான் ஸ்டொப்பராக ஆடிய கடைசி மெட்ச். இன்றைக்கும் பிரட்டுக்களத்து (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) படியில் இறங்கும்போது அந்தக் காலை முன்னால் வைக்கமாட்டேன்.

உங்களுக்கும் அதேதான் என்று சொல்லவில்லை. உங்கள் வயதில் முழங்கால் வீங்க வேறு பல காரணங்கள் உண்டு, வளர்கிற எலும்போடு சம்பந்தப்பட்ட சாதாரணமானவையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மெட்ச்சுக்குப் பிறகும் வீங்கும் மூட்டு எதையோ சொல்கிறது, அது என்னவென்று கையால் தொட்டுப் பார்க்கத் தெரிந்த எலும்பு வைத்தியர் சொல்லட்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் சிபாரிசுத் துண்டு வாங்கிக்கொண்டு ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்ட வைத்தியசாலைக்கோ எலும்பு கிளினிக் நாளில் போங்கள். வீக்கம் இருக்கும்போதே போங்கள், வற்றிய பிறகு போனால் பத்தில் எட்டுப் பேரிடம் "நன்றாகத்தானே இருக்கிறது" என்ற பதில்தான் வரும். எப்போது தொடங்கியது, திரும்பும்போது கால் நழுவுகிறதா, பூட்டிக்கொள்கிறதா, படி இறங்கும்போதா ஏறும்போதா வலி, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். எக்ஸ்ரே சரி என்றால், நாருக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்று மரியாதையாகக் கேளுங்கள். எண்ணெய் போட்டு இழுக்க யாரையும் விடாதீர்கள், அது உங்கள் தாத்தாவாக இருந்தாலும்.

ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிசனோடு மெட்ச் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேறு ஒருவரை ஸ்டொப்பராக நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் கரையில் நின்று கத்துங்கள்.